வால்டர் துரையின் ஊருக்கு ஒரு படுதா

ஆகஸ்ட் 2, திங்கள்

காலையில் மழை. பத்து நிமிடம் கொட்டிவிட்டு நின்றது. மாடி ஒழுகுகிற இடத்தில் சட்டி. ஜப்பான்காரன் இந்தத் தீவின் பெயரைச் சியோனான் என்று மாற்றியதோடு, ரேஷன் கடைக் காலண்டரில் வருஷத்தையும் தன் கணக்கில் 2603 என்று போட்டிருக்கிறான். எனக்கு 1943தான். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

பதினோரு நாளாகக் கையில் பிரஷ் இல்லை. கடைசியாக எழுதியது தேக்காவில் ஒரு கடைப் பலகை. ஜப்பான் எழுத்து பெரிதாக, தமிழ் சின்னதாக. அவர்கள் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, படமாகப் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு கோடு பிசகவில்லை. பார்க்க வந்த ஜப்பான்காரன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் செல்லத்துரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், செம்பவாங் கப்பல் தளத்தில் கிளார்க். வெள்ளைக்காரன் இருந்தபோதும் அங்கேதான், இப்போது ஜப்பான்காரனிடமும் அங்கேதான். மேசைகூட அதே மேசையாம். இனி செ.து. என்று எழுதிக்கொள்கிறேன்.

விஷயம் இது. தளத்தில் ஒரு ஜெர்மன் கப்பல் பழுதுபார்க்க நிற்கிறது. அந்தக் கப்பல்காரர்கள் சனிதோறும் ஜப்பான் அதிகாரிகளுக்குத் தேநீர் விருந்து வைக்கிறார்கள். விருந்துக்கு ஒருவராகத் தன் சொந்த ஊரை அறிமுகம் செய்து பேச வேண்டும். போன சனி பேசியவர் பெரிய துறைமுகப் பட்டணத்துக்காரர், ஆல்பம் நிறைய படம் வைத்திருந்தாராம். வருகிற 14ஆம் தேதி வால்டர் என்கிற இன்ஜினியரின் முறை. அவருடையது சின்ன ஊர். கையில் ஒரே ஒரு போட்டோ. அதனால் ஊரே தெரிகிற மாதிரி பின்னால் தொங்கவிட ஒரு படுதா வேண்டும் என்கிறார்.

"உங்களை விட்டால் இந்தச் சியோனானிலை வேற ஆர் இருக்கினம், சிங்காரம்?" என்றார் செ.து. உண்மை. இருபத்தைந்து வருஷம் நாடகப் படுதா எழுதிய கை. நானும் மறுக்கவில்லை.

நான் அளவு கேட்டேன். என் வீட்டுக்காரி ராஜாமணி பாஸ் கேட்டாள். அவளுக்கு அவள் தம்பி கவலை. கண்ணப்பன், 31 வயது, தச்சன், எங்களோடுதான் இருக்கிறான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற பட்டியலில் போன வாரம் அவன் பெயர் வந்துவிட்டது. 15ஆம் தேதி, ஞாயிறு காலை லாரி. தளத்து வேலையாள் என்று முத்திரை போட்ட பாஸ் கையில் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து சயாம் போன ஆறு பேரில் ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை.

"எழுதுறவருக்கு ஒண்ணு, சட்டம் அடிக்கிற தச்சனுக்கு ஒண்ணு. ரெண்டு பாஸ். ஆகுமாங்கய்யா?"

"கேட்டுப் பாக்கிறன் பிள்ளை. ஓமெண்டும் சொல்ல மாட்டன், இல்லையெண்டும் சொல்ல மாட்டன்."

என் நொண்டிக் கால் சயாமில் யாருக்கும் வேண்டாம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. கண்ணப்பனுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, அதுதான் வினை.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற லாரியில் செம்பவாங். ஜப்பான்காரன் கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டான், மணி எட்டு, சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறான். வழியில் இரண்டு இடத்தில் இறங்கிக் காவல் சிப்பாய்க்குக் கும்பிடு. இரண்டாவது இடத்தில் சரியாகக் குனியவில்லை என்று மறுபடி குனியச் சொன்னான். முதுகு எனக்கு எப்போதுமே கொஞ்சம் நிமிர்வு.

வால்டர் துரை: ஐம்பதுக்கு இரண்டு மூன்று குறைவு. மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருக்கிறது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. வேலை செய்கிற கை. பிடித்தது. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், செ.து. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னார்.

ஊரின் பெயர் எர்லன்டால். போட்டோ தீப்பெட்டி அளவு. கறுப்பு வெள்ளை, ஓரத்தில் ஈரம் பட்டுப் பொரிந்திருக்கிறது. நடுவில் ஒரு திடல், திடலில் கைப்பம்பு. சுற்றி வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல. பின்னால் சர்ச் கோபுரம், ஊசி மாதிரி. இடது ஓரம் பாலத்தில் பாதி. ஆட்கள் ஒருவரும் இல்லை.

"முன்பு ஜெர்மனியைப் பாத்திருக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்."

"அயோத்தி எழுதியிருக்கேன். இந்திரலோகம் எழுதியிருக்கேன். ராவணன் தர்பார் மூணு தரம். எதையும் போய்ப் பாத்துட்டு வந்து எழுதலைன்னு சொல்லுங்க."

செ.து. சொன்னார். வால்டர் துரை சிரித்துவிட்டுப் புகையிலை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

கேட்டுக் குறித்தது:
கூரை: கறுப்புக் கல் ஓடு, இரண்டொரு வீடு சிவப்பு.
சுவர்: வெள்ளை. மரச்சட்டம் வெளியே தெரியும். கறுப்பு மரம்.
ஜன்னல்: அடியில் பூத்தொட்டி. சிவப்புப் பூ.
ஆறு: ரோச்சோர் வாய்க்கால் அகலம்தான். ஆனால் அடியில் கல் தெரியுமாம்.
மாடு: உண்டு. பழுப்பும் வெள்ளையும்.
வானம்: சாம்பல் என்றார்.

சாம்பல் வானம் எங்கள் நாடகக் கொட்டகையில் மயானக் காட்சிக்கு மட்டும்தான். வெயில் அடிக்கிற நாளே கிடையாதா என்று கேட்கச் சொன்னேன். யோசித்தார். ஜூன் மாதம் உண்டு என்றார். சரி, ஜூன் மாதம்.

அவர் அம்மா அங்கே இருக்கிறாள். பம்புக்கு நேர் எதிர் வீடு. ஒரு வருஷமாகக் கடிதம் இல்லையாம். இதைச் சொல்லும்போது போட்டோவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4, புதன்

வெயில். தலை வலி.

புதுத் துணி ஊரில் எங்கேயும் இல்லை. கோணிகூட இல்லை. பெட்டியைத் திறந்து தெருப் படுதாவை எடுத்தேன். நான் இந்தத் தீவுக்குச் சேர்ந்து வந்த நாடகக் கம்பெனி கலைந்தபோது சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தது. இருபதடிக்குப் பன்னிரண்டு. எல்லா நாடகத்துக்கும் அதுதான் தெரு. கோவலன் நடந்ததும் அதில்தான், கோமாளி வழுக்கி விழுந்ததும் அதில்தான்.

பசைச் சாயம், தண்ணீர் பட்டால் போய்விடும். பின்கட்டில் விரித்து நானும் கண்ணப்பனும் தேய்த்துக் கழுவினோம். கடைகள் போயின, பந்தல் போயிற்று. மூலையில் இருந்த கோயில் கோபுரம் மட்டும் நிழலாக நிற்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. போகாவிட்டால் என்ன, அதன் மேலேயே சர்ச் கோபுரத்தை ஏற்றிவிடலாம்.

வேண்டியவை:
புளியங்கொட்டை, பசைக்கு. (ராஜாமணி சேர்த்து வைத்திருந்தாள், வறுத்துத் தின்ன. கொடுத்தாள்.)
சுண்ணாம்பு. காவிக்கல். மஞ்சள்மண்.
விளக்குக் கரி.
துணிக்குப் போடும் நீலம். இது எங்கேயும் கிடைக்கவில்லை. செ.து. வீட்டில் யுத்தத்துக்கு முந்தியது ஒரு பொட்டலம். அவர் சட்டை இனிமேல் மஞ்சளாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

தளத்திலேயே ஒரு ஷெட் கொடுத்திருக்கிறார்கள். கண்ணப்பன் சட்டம் அடித்தான். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டான், மூலை நாலும் மட்டம். தச்சர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, ஆனால் இவன் அடித்த சட்டம் ஆடாது.

நான் கோடு போட்டேன். திடல் நடுவில், வீடுகள் இரண்டு பக்கமும் உள்ளே போகிற மாதிரி. போட்டோவில் இருக்கிற ஒன்பது வீடும், வால்டர் துரை வாயால் சொன்ன பத்து வீடும். மொத்தம் பத்தொன்பது. தூரத்து வீடு எத்தனை சிறுக்க வேண்டும் என்பது கையில் தானாக வரும். இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

மத்தியானச் சோறு: தளத்தில் நிஜ அரிசி. கண்ணப்பன் பாதியை இலையில் மடித்து அக்காவுக்கு எடுத்து வந்தான். நான் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலையில் சிராங்கூன் ரோட்டில் விடுதலைப் படையில் சேர்ந்த நம் இந்திய ஆட்களின் அணிவகுப்பு, கொடி, கோஷம். நின்று பார்க்க நேரமில்லை. லாரி கிளம்பிவிடும்.

வானம் முடிந்தது. ஜூன் மாத வானம். அடியில் லேசாக மஞ்சள், மேலே போகப் போக நீலம். செ.து.வின் பொட்டலம் முழுதும் தீர்ந்தது. கூரைகளும் முடிந்தன. சர்ச் கோபுரம் நம் கோபுரத்து நிழலுக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் எனக்கு மட்டும் தெரிகிறது.

அந்தப் பக்கம் போன ஜெர்மன் மாலுமிகள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். என்ன சொன்னான் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, முகத்தைப் பார்த்தாலே போதும். நான் திரும்பிப் பார்க்காத மாதிரி பிரஷை அலசிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, கால் கடுக்க நின்று, பார்க்காத ஊர் ஒன்றைக் கட்டி எழுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு வேலை இந்தத் தீவில் வேறு யாரிடமிருந்து வரும். இங்கே எழுதிக்கொள்ளலாம், யாரும் சிரிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

இன்று சண்டை.

வீடு வாசல் எல்லாம் முடித்துவிட்டு வால்டர் துரையைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். பத்தடி தள்ளி நின்றார். கை தானாகத் தலைக்குப் போயிற்று. "எர்லன்டால்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அப்புறம் கிட்டே வந்தார். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். முகம் மாறியது.

"எல்லாக் கதவும் திறந்து கிடக்குதாம். ஏன் எண்டு கேக்கிறார்."

ஏன் என்றால் என்ன சொல்வது. கொட்டகையில் சாத்திய கதவை எழுதுவதில்லை. சாத்திய கதவு படுதாவில் இருந்தால் அன்றைக்கு ஆட்டத்துக்கு ஆள் வராது என்பது எங்கள் பழக்கம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படி, அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படி. நான் எழுதிய ஊர்களில் பூட்டிய வீடே கிடையாது. ராவணன்கூடக் கதவைத் திறந்துதான் வைத்திருப்பான்.

"அவையின்ர ஊரிலை ஒருத்தரும் கதவைத் திறந்து வைக்க மாட்டினமாம். குளிராம்."

"ஜூன் மாசமுமா?"

"ஜூனிலையும்தானாம்."

அதோடு விடவில்லை. அவர் பேசப் போவது எப்படி என்றால், கையில் ஒரு கோல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, இது ரொட்டிக்காரர் வீடு, இது செருப்புத் தைக்கிறவர் வீடு என்று ஆட்களை அறிமுகம் செய்வாராம். திறந்து கிடக்கிற கதவை எப்படித் தட்டுவது என்கிறார். எல்லாவற்றையும் சாத்திவிடச் சொன்னார்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன். பிரஷைத் தண்ணீரில் போட்டேன்.

செ.து. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். வால்டர் துரை என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சாத்தித் தாறீங்களெண்டு சொன்னன்."

வீட்டுக்கு வந்து ராஜாமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க. என் தம்பி உள்ள இருக்கட்டும்."

இன்னொரு கிழங்கை எடுத்து நானும் உரித்தேன்.

ஆகஸ்ட் 11, புதன்

புழுக்கம். காற்றே இல்லை.

பத்தொன்பது கதவு. முதல் கதவைச் சாத்தும்போது கை நின்று நின்று போயிற்று. எழுதிப் பார்த்தால் கதவாக இல்லை, சுவரில் ஒட்டிய அட்டையாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் திறந்ததையே எழுதியவனுக்குச் சாத்திய கதவு எழுதத் தெரியவில்லை. இது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

கண்ணப்பன்தான் கிட்டே வந்து நின்றான்.

"மாமா, பலகை குறுக்க ஓடாது, நெடுக்க ஓடும். கீல் இந்தப் பக்கம். குளிரு ஊர்னா பலகை தடிப்பா இருக்கும்லா, கீழ நிலை உயரமா வைப்பான். கைப்பிடி வெச்ச எடத்துல மரம் தேஞ்சு பளபளன்னு இருக்கும்."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆணித்தலை, வெடிப்பு, மழைத் தண்ணீர் அரித்த அடிப்பலகை. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி. செருப்புக்காரர் கதவில் கீழே உதைபட்ட தழும்பு. சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தேன். படுதாவிலேயே சிறந்தது கதவுகள்தான். தட்டினால் சத்தம் வரும் போல இருக்கின்றன.

அதைச் சொல்லவும் கண்ணப்பன் சிரித்தான். படுதாவுக்குப் பின்னால் ஒரு பலகை வைத்து, கோல் படும்போது கொட்டாப்புளியால், அவன் மரச் சுத்தியலால், ஒரு தட்டு தட்டுகிறேன் என்றான். எங்கள் கம்பெனியில் இடிச் சத்தத்துக்கும் குதிரைக் குளம்படிக்கும் செய்கிற வேலை. வால்டர் துரையிடம் சொன்னோம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

வலது மூலையில் கையெழுத்துப் போட்டேன். படுதா எழுதுகிறவன் கடைசிப் பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரிதான் பெயர் போடுவான், வேஷக்காரன் பெயர் நோட்டீஸில் வரும், எங்கள் பெயருக்கு அந்த மூலைதான். சாணளவு எழுத்து. சித்திரம்: சிங்காரம். அடியில் இங்கிலீஷிலும்.

ஆகஸ்ட் 12, வியாழன்

செ.து. காலையிலேயே ஷெட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒரு பாஸ்தான் சிங்காரம். தச்சர் தளத்திலை நாப்பது பேர் இருக்கினமாம், இன்னுமொருத்தர் வேண்டாமாம். பெயின்டர் ஒருத்தரும் இல்லை. அதாலை பெயின்டருக்கு மட்டும் ஒண்டு. சனிக்கிழமை அதிகாரி வந்து பாத்து, படுதா எழுதின ஆளின்ர பேருக்குத்தான் முத்திரை குத்துவார்."

கண்ணப்பன் உளியைத் துடைத்து உறையில் போட்டான்.  அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெளியே போய் நின்றேன். ஒரு பீடி. அரிசி ரேஷன், தளத்து ஓவியர் என்ற பெயர், இவ்வளவும் எனக்கு. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லாரி. பீடி முடிவதற்குள் முடிவு செய்துவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. இரண்டாவது பீடியும் ஆயிற்று. என் பெயர் இருக்கிற அந்த மூலையை வாசல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை. அதில் என் பெயர் இருக்கக்கூடாதா.

உள்ளே வந்தேன். ஈரத்துணியால் மூலையைத் துடைத்தேன். பசைச் சாயம், உடனே போய்விட்டது. சித்திரம்: கண்ணப்பன். சாணளவு எழுத்து. அடியில் இங்கிலீஷிலும். சிங்காரத்தைவிட ஒரு எழுத்துக்கூடச் சின்னதாகப் போடவில்லை.

"வேணாம் மாமா. எனக்கு ஒரு கோடு வரையத் தெரியாது. மாட்டிக்கிட்டா ரெண்டு பேரையும் கொண்டுபோயிருவான்."

"வாயை மூடிக்கிட்டு நில்லு. எழுதுறவன் எவன் பேசியிருக்கான்."

செ.து. மூலையைப் படித்தார். புதுப் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

கண்ணப்பனுக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். உளி மாதிரி பிடிக்கிறான். ஒரு மாடு வரையச் சொன்னேன். பெஞ்சு வரைந்தான். மாடுதான் என்று சாதித்தான். ராஜாமணி அதைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பு முடியும்போது அழுதாள்.

வால்டர் துரை வந்து மூலையைப் பார்த்தார். கண்ணப்பன் என்று இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தார். என் விரல்களைப் பார்த்தார், நீலமும் கரியும். கண்ணப்பனின் விரல்களைப் பார்த்தார், மரத்தூள்.  அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பிறகு கண்ணப்பனிடம் போய்க் கை கொடுத்தார், "பெயின்டர்" என்று சத்தமாகச் சொல்லி. எனக்கும் கை கொடுத்தார். என் கையை விட நேரமாயிற்று.

ஆகஸ்ட் 14, சனி

விருந்து ஐந்து மணிக்கு. டோக்கியோ ஐந்து, நல்ல வெயில். கூடத்தில் மேசைகள், கேக் மாதிரி ஏதோ, மரவள்ளி மாவில். முன்வரிசையில் ஜப்பான் அதிகாரிகள் பதினைந்து பேர், வாளோடு. ஜெர்மன்காரர்கள் பின்னால். செ.து. வாசலில். நானும் கண்ணப்பனும் படுதாவுக்குப் பின்னால். துணியில் ஊசி அளவு ஓட்டை ஒன்று, அது வழியாகப் பார்த்தேன்.

வால்டர் துரை வெள்ளை உடுப்பில்.  ஆற்றைக் காட்டினார், பாலத்தைக் காட்டினார். மொழிபெயர்க்கிறவன் ஜப்பான் பாஷையில் சொன்னான். ஒருவன் கொட்டாவி விட்டான்.

பிறகு முதல் கதவு. கோல் பட்டது. கண்ணப்பன் பின்னால் ஒரு தட்டு. டொக். அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரொட்டிக்காரர் வீடு. அடுத்தது, டொக், நூல் விற்கிற விதவை. டொக் டொக், செருப்புக்காரர், அவருக்குக் காது கேட்காது, அதனால் இரண்டு தட்டு. சிரிப்பு. கொட்டாவி விட்டவனும் சிரித்தான். இதெல்லாம் பிறகு செ.து. சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கூடத்தில் ஒருவனும் தேநீரைத் தொடவில்லை.

கடைசியில் பம்புக்கு எதிர் வீடு. கோலைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினார். கண்ணப்பன் கொட்டாப்புளியை வைத்துவிட்டு அவனும் விரல் கணுவால் தட்டினான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வால்டர் துரை கொஞ்சம் காத்திருந்தார், கதவு திறக்கும் என்கிற மாதிரி. பிறகு குனிந்து வணங்கி முடித்தார்.

என் கதவுகளை இழுத்துச் சாத்த வைத்தவர் அவர்தான். சாத்தாவிட்டால் இது நடந்திருக்காது. அவர் சொன்னது சரி, நான் நினைத்தது தப்பு. எழுதிவிட்டேன்.

பெரிய அதிகாரி எழுந்து படுதாவுக்குக் கிட்டே வந்தார். மூலையைப் படித்தார். "கண்ணப்பன்." அவன் முன்னால் போய் நின்றான். நான் அவன் பின்னால் வாளியோடு. அதிகாரி பேசினார், மொழிபெயர்க்கிறவன் இங்கிலீஷில் சொன்னான், செ.து.வின் முகம் வெளுத்தது.

"நல்லாயிருக்குதாம். ஆனால் தங்கட ஜப்பான் கொடி இல்லையெண்டு சொல்லுறார். பாலத்துக்குப் பக்கத்திலை காலியிடம் கிடக்காம். அதிலை இப்பவே, தனக்கு முன்னாலை, கண்ணப்பன் எழுதட்டாம்."

 மாட்டைப் பெஞ்சாக எழுதுகிறவன். வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் ஒரு அடி வைத்தேன்.

கண்ணப்பன் சட்டைப் பையில் கையை விட்டான். ஒரு ஆணி. தச்சர்கள் கோடு பிடிக்கிற நூல் ஒரு முழம். அடிக்கோலை வைத்து நாலு கோடு, கட்டம் மூலைமட்டம். கட்டத்தின் நடுவை நூலை மடித்துக் கண்டுபிடித்தான். நடுவில் ஆணியைச் சட்டத்துக் குறுக்குக் கட்டையில் குத்தினான், நூலைக் கட்டினான், மறு நுனியில் கரித்துண்டு. ஒரு சுற்று. வட்டம். நான் கட்டத்துக்குச் சுண்ணாம்பும் வட்டத்துக்குக் காவியும் நீட்டினேன், பூசினான்; வெள்ளையில் சிவப்புச் சூரியன், அவர்கள் கொடி. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகவில்லை.

நான் இந்தக் கையால் போட்டிருந்தால் அவ்வளவு வட்டமாக வந்திருக்காது. இருபத்தைந்து வருஷத்தில் நான் நூல் வைத்து வட்டம் போட்டதே இல்லை, கௌரவக் குறைச்சல் என்று.

அதிகாரி கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வால்டர் துரையும் தட்டினார், கொடி அவர் ஊருக்குள் வந்தது பிடித்ததோ என்னவோ, தட்டினார். செ.து. பாஸை நீட்டினார். முத்திரை.

கண்ணப்பன், வயது 31, தொழில்: ஓவியர்.

லாரியில் திரும்பினோம். அவன் பாஸை மார்பில் சட்டைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தபடி வந்தான்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தூறல். லாரி ஒன்பது மணிக்கு. பட்டியலைப் படித்தார்கள். கண்ணப்பன் பெயர் வந்தபோது அவன் பாஸை இரண்டு கையாலும் நீட்டினான். சிப்பாய் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், நேராகப் பிடித்துப் பார்த்தான், பட்டியலில் ஒரு கோடு இழுத்தான். ராஜாமணி மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மற்றவர்கள் ஏறினார்கள். கீழ் வீட்டு மாட்டுக்காரர் மகனும் ஏறினான். அவனுக்குப் பாஸ் கிடையாது, என்னிடமும் இன்னொரு படுதா கிடையாது. அவன் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நேற்று முழுதும் இருந்த பெருமை அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாயங்காலம்தான் திரும்பி வந்தது, கண்ணப்பன் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கிழங்கு கேட்டபோது.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

வெயில். செ.து. ஆள் அனுப்பினார். அடுத்த விருந்துக்குக் கப்பல் சமையல்காரரின் ஊர். மலையடிவாரமாம், மூன்று வீடும் ஒரு பால் பண்ணையும்தானாம். எர்லன்டாலைக் கழுவிவிட்டு அதே துணியில் எழுத வேண்டும். வால்டர் துரை ஒரு கதவை மட்டும் வெட்டிக் கேட்கிறார், அம்மா வீட்டுக் கதவு. கொடுக்கலாம். துணியில் அந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

தள வாசலில் கண்ணப்பன் பாஸைக் காட்டினான். காவல்காரன் என்னைக் காட்டி ஏதோ கேட்டான். கூட நின்ற மலாய்க்காரர் சொன்னார், ஓவியர் போகலாம், இந்த நொண்டி யார் என்று கேட்கிறான் என்று.

கண்ணப்பன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடுவான் போல இருந்தது. நான் முந்திக்கொண்டேன். வாளியைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயா படம் எழுதுறவரு. நான் அவருக்குச் சாயம் கரைச்சுக் கொடுக்கிற ஆளு."

சொல்லிவிட்டு, இரண்டாவது தரம் குனியச் சொல்ல இடம் வைக்காமல், முதல் தரமே நன்றாகக் குனிந்தேன்.